பி2 தேறியாயிற்று, ஆனால் கவிதை விளக்கத்தில் பத்துக்கு 3.8. எங்கே தப்பு?

தூக்கம்தொலைத்தவன்:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்பானிஷ் மொழியும் இலக்கியமும் படிக்க ஸ்பெயினில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறேன். இது இரண்டாவது செமஸ்டர். வருவதற்கு முன்பே டெலே என்ற ஸ்பானிஷ் மொழித்தேர்வில் பி2 நிலை எழுதி 'ஆப்தோ' (தேர்ச்சி) வாங்கியவன். பேருந்தில், வங்கியில், வீட்டுக்காரரிடம் எல்லாம் தடுமாறாமல் பேசுகிறேன். வகுப்பில் முக்கால்வாசி புரிகிறது. அதனால் தைரியமாகத்தான் இருந்தேன்.

போன வாரம் என் முதல் 'கொமெந்தாரியோ தே தெக்ஸ்தோ', அதாவது ஒரு பாட்டை எடுத்து விளக்கி எழுதுகிற தாள், திரும்பி வந்தது. 3.8. இங்கே 5 எடுத்தால்தான் தேர்ச்சி, அதற்குக் கீழே 'சுஸ்பென்ஸோ'. பெயர்தான் மர்மக் கதை மாதிரி இருக்கிறது, விஷயம் சாதாரண ஃபெயில்.

கொடுத்தது ஸ்பானிஷ் கவிஞர் கொங்கோரா 1582-இல் எழுதிய சொனெட், பதினான்கு வரிப் பாட்டு. 'மியெந்த்ராஸ் போர் கொம்பெத்தீர்' என்று தொடங்குமே, அது. பெண்ணே, இளமை இருக்கும்போதே அனுபவித்துவிடு, அப்புறம் எல்லாம் போய்விடும் என்று சொல்கிற பாட்டு. நான் மூன்று பக்கம் எழுதினேன். முதல் பக்கம் முழுக்க அவர் வாழ்க்கை: 1561-இல் கோர்தொபாவில் பிறந்தது, பரோக் காலம், கெவேதோ என்ற இன்னொரு கவிஞரோடு இருந்த பகை. இரண்டாம் பக்கம் வரிவரியாகப் பொருள். மூன்றாம் பக்கம் அணிகள். 'மியெந்த்ராஸ்' நான்கு முறை வருவதால் அனாஃபோரா, கூந்தலைப் பொன்னோடு சேர்த்ததால் மெத்தாஃபொரா, சொல் வரிசை புரண்டு கிடப்பதால் ஹிப்பேர்பதோன். தேடித்தேடி மொத்தம் 11 பிடித்தேன். இதற்கே பேராசிரியர் எட்டு போடுவார் என்று நினைத்தேன்.

சிவப்பு மையில் வந்தது இது. முதல் பக்கத்தின் மேல் மூலைக்கு மூலை ஒரே கோடு. இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் 'பாராஃப்ராஸிஸ்' என்று ஒரு சொல், பாட்டையே வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறாய் என்று. மூன்றாம் பக்கத்தில் ஒவ்வொரு அணிக்குப் பக்கத்திலும் '¿இ?' என்று ஒற்றை எழுத்து, இரண்டு கேள்விக்குறிகளுக்கு நடுவே. 'சரி, அதனால்?' என்று அர்த்தம். ஏழு இடத்தில் இருந்தது. மீதி நாலுக்கு அவருக்கே அலுத்துப்போயிருக்க வேண்டும்.

இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. 'வியோலா த்ரொங்காதா' என்பதை உடைந்த இசைக்கருவி என்று எழுதிவிட்டேன். வயலினுக்கு அண்ணன் வயோலா. அந்த இடத்தில் மட்டும் அவர் ஒன்றும் எழுதவில்லை, ஒரு சிரிக்கும் முகம் வரைந்திருந்தார்.

என் கேள்வி: சொல்வளம் போதவில்லையா? பி2-க்கு அடுத்த நிலையான சி1-க்குப் படிக்கத் தொடங்கவா? மே மாதக் கடைசியில் இன்னொரு கொமெந்தாரியோ இருக்கிறது.

கொக்கரக்கோ:

சி1 எழுதுங்கள் ப்ரோ, வேறு வழியே இல்லை. தினம் 30 சொல், ஆங்கி செயலியில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ராத்திரி ஒரு தொடர், ஸ்பானிஷ் சப்டைட்டிலோடு. ஆறு மாதத்தில் எந்தப் பாட்டும் தண்ணீர்பட்ட பாடு.

பழைய நூலகவாசி:

தம்பி (கைப்பெயரில் 'அவன்' இருப்பதால் தம்பி என்கிறேன்), அந்த முப்பது சொல் யோசனையை மே மாதம் முடிகிற வரைக்கும் ஓரமாக வையுங்கள். உங்கள் ஸ்பானிஷில் பெரிய குறை இருப்பதாகத் தெரியவில்லை. ஓரத்தில் 'பாராஃப்ராஸிஸ்' என்று மட்டும் எழுதியிருக்கிறார் என்றால் பொருளைச் சரியாகவே சொல்லியிருக்கிறீர்கள். தப்பாகச் சொல்லியிருந்தால் அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்திருக்கும். வயோலாவை விடுங்கள், அது எல்லோருக்கும் நடக்கும்.

பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இங்கேதான் நான்கு வருடக் 'கிராதோ' (இளங்கலைப் பட்டம்) படித்தேன். என் முதல் கொமெந்தாரியோவுக்கு 4.2. பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு 7.5, 'நொத்தாப்லே', நல்ல மார்க். அவள் தாளை வாங்கிப் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம்தான். நான் அகராதியைப் புரட்டித் தேடிப் போட்ட சொற்களில் ஒன்றுகூட அதில் இல்லை. இந்தப் பாட்டில் முக்கியமான வினைச்சொல் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போயிருந்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்புறம் தெரிந்தது, இங்கே பிள்ளைகள் பள்ளியிலேயே வருடக்கணக்கில் கொமெந்தாரியோ எழுதுகிறார்கள், பல்கலைக்கழக நுழைவுத் தேர்விலேயே அது வரும். நாம் ஓட்டப்பந்தயத்துக்கு வந்து சேர்ந்தபோது அவர்கள் மூன்று சுற்று முடித்திருக்கிறார்கள். பி2 சான்றிதழ் இதைச் சோதிப்பதே இல்லை. கடிதம் எழுது, செய்தி கேள், கருத்துச் சொல் என்பதெல்லாம் வேறு வித்தை.

நம் பள்ளித் தமிழ்த் தாளில் 'இடம் சுட்டிப் பொருள் விளக்குக' என்று வருமே, அதற்குப் பெரியண்ணன்தான் இந்தக் கொமெந்தாரியோ. இடம் சுட்டுவதற்கு இங்கே 'லொகாலிஸாஸியோன்' என்று பெயர். யார், எப்போது, எந்த வகை, எந்த மரபு, இவ்வளவுதான். மூன்று வரிக்கு மேல் போனால் கோடு விழும், உங்களுக்கு விழுந்த மாதிரி. கெவேதோ சண்டை நல்ல கதைதான், ஆனால் 1582-இல் கெவேதோவுக்கு வயது இரண்டு. இந்தச் சொனெட்டோடு அதற்கு என்ன சம்பந்தம்?

லாஸரோ கர்ரெத்தேர், கொர்ரேயா கல்தெரோன் இருவரும் சேர்ந்து எழுதிய ஒரு கையேடு 1957-இல் வந்தது. ஸ்பெயினில் பல தலைமுறை மாணவர்கள் அதை வைத்துத்தான் இந்த வித்தையைக் கற்றார்கள். இரண்டு குழிகளைக் காட்டி அதில் எச்சரித்திருப்பார்கள். ஒன்று, பாட்டைச் சாக்காக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பேசுவது. இரண்டு, பாட்டில் இருப்பதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்வது. முதல் பக்கத்தில் ஒரு குழி, இரண்டாம் பக்கத்தில் ஒரு குழி, ஒன்றைக்கூட விடாமல் விழுந்திருக்கிறீர்கள்.

இனி அந்த '¿இ?'. இதுதான் முக்கியம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அனாஃபோரா என்று பெயர் சொன்னீர்கள். சரி. 1, 3, 5, 7 ஆகிய வரிகளில் 'மியெந்த்ராஸ்' வருகிறது. பொன் உன் கூந்தலோடு போட்டியிட்டு வெயிலில் வீணாக மின்னுகிற வரையில், உன் நெற்றி லில்லிப் பூவை அலட்சியமாகப் பார்க்கிற வரையில், உன் இதழைப் பறிக்கக் கண்கள் தொடர்கிற வரையில், உன் கழுத்து பளிங்கை வெல்கிற வரையில். வரையில், வரையில், வரையில். வரையில் என்ன செய்ய வேண்டும்? எட்டு வரி ஓடியும் சொல்லவில்லை. ஒன்பதாவது வரியின் முதல் சொல்லாக வந்து விழுகிறது 'கோஸா', அனுபவி. ஒரு ஸ்பானிஷ்காரருக்கு அந்த எட்டு வரியும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிற மாதிரி. அவர்கள் மொழியில் வினை சீக்கிரமே வந்துவிடுவதுதான் பழக்கம். வராமல் இழுத்தால் காது தவிக்கும்.

நமக்கு அந்தத் தவிப்பு வராது. ஏன் என்று எனக்கு இரண்டாம் வருடத்தில்தான் உறைத்தது. நம் மொழியில் எச்சங்களாக அடுக்கிக்கொண்டே போய் வினைமுற்றைக் கடைசியில் வைப்பதுதான் இயல்பு. எட்டு வரி காத்திருப்பது நமக்குச் சும்மா ஒரு வாக்கியம். அதனால்தான் 'அனாஃபோரா' என்று பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். பெயர் கண்ணுக்குத் தெரிந்தது, வேலை காதில் விழவில்லை.

இதை எழுதிவிட்டு அடுத்த படி போங்கள். காலம் ஓடுகிறது என்று சொல்கிற பாட்டு, அதைச் சொல்லாமல் எட்டு வரியை ஓட்டிக் காட்டுகிறது. 'அனுபவி' என்று அவர் சொல்லி முடிக்கும்போது பாதிப் பாட்டு கழிந்தாயிற்று. இப்படி எழுதினால் அந்த இடத்தில் '¿இ?' போட அவருக்கு இடமிருக்காது.

இன்னொன்று. எட்டு வரியில் வருகிற உறுப்புகளின் வரிசை: கூந்தல், நெற்றி, இதழ், கழுத்து. ஒன்பதாவது வரியில் அவற்றை ஒன்றாகக் கூட்டுகிறார், ஆனால் வரிசையைக் கலைத்து: கழுத்து, கூந்தல், இதழ், நெற்றி. பதினோராவது வரியில் உவமைப் பொருள்களைக் கூட்டும்போது பழைய வரிசை திரும்பி வந்துவிடுகிறது: பொன், லில்லி, கார்னேஷன், பளிங்கு. பொருள்கள் ஒழுங்காக நிற்கின்றன, உடம்புதான் கலைகிறது. இது என் வாசிப்பு, பேராசிரியர் மறுக்கலாம். மறுத்தாலும் மார்க் போடுவார், ஏனென்றால் பாட்டைக் கையில் தொட்டுப் பேசுகிறோம்.

கடைசி வரி. தமிழ் எழுத்தில் போட்டால் சிரிப்பாக இருக்கும்: 'என் தியெர்ரா, என் ஊமோ, என் போல்வோ, என் சோம்ப்ரா, என் நாதா'. ஏதோ பெண் ஒருத்தி நாதனைக் கூப்பிடுகிற மாதிரி. இந்த 'என்' நம் 'என்னுடைய' இல்லை. 'ஆக' என்கிற அர்த்தத்தில் முன்னால் வருகிற சொல். மண்ணாக, புகையாக, தூசியாக, நிழலாக, ஒன்றுமில்லாததாக.

இதை அலகிடுங்கள். 'அலகிட்டு வாய்பாடு எழுதுக' என்று பள்ளியில் செய்தோமே, அதே வேலை, விதிதான் வேறு. இவர்களுக்கு நேர், நிரை கிடையாது. அசைகளை எண்ண வேண்டும், சொனெட்டில் வரிக்கு 11. தனித்தனியாக எண்ணினால் இந்த வரியில் 15 வரும். இங்கேதான் 'சினலேஃபா'. ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் இரண்டும் ஒரே அசை. நாம் இரண்டு உயிர் சந்திக்கிற இடத்தில் உடம்படுமெய் போட்டு நடுவில் தூண் நிறுத்துவோம். இவர்கள் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடுவார்கள். என் / தியெ / ர்ராஎன் / ஊ / மோஎன் / போல் / வோஎன் / சோம் / ப்ராஎன் / நா / தா. விரல் விட்டு எண்ணுங்கள், 11. எழுத்தில் ஐந்து பொருளுக்கும் நடுவே கமா போட்டுப் பிரித்திருக்கிறார்கள். வாயில் ஒன்றின் வால் அடுத்ததன் தலைக்குள் கரைந்துகொண்டே போகிறது. மண் புகைக்குள், புகை தூசிக்குள். வரி சொல்கிற வேலையை அசைகளே செய்துகாட்டுகின்றன. சத்தம் போட்டுப் படிக்காமல் கொமெந்தாரியோ எழுதவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். நூலகத்தில் படித்து இரண்டு முறை வெளியே அனுப்பப்பட்டிருக்கிறேன்.

நேரம் இருந்தால் கொங்கோராவுக்கு முந்திய கவிஞர் கார்ஸிலாஸோவின் 23-ஆவது சொனெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதே கருதான். அவர் 1536-இல் இறந்துவிட்டார், பாடல்கள் அச்சில் வந்தது 1543-இல். அந்தப் பாட்டில் பெண்ணை 'வுவெஸ்த்ரோ' என்று மரியாதையாக, நம் 'உங்கள்' மாதிரிக் கூப்பிடுகிறார். கொங்கோரா 'து', நேராக 'உன்'. கார்ஸிலாஸோவில் காலம் மலையுச்சியைப் பனியால் மூடும், ரோஜா வாடும், அவ்வளவோடு நிறுத்திக்கொள்வார். இருபத்தொரு வயதுக் கொங்கோரா நிறுத்தமாட்டான், 'நாதா' வரைக்கும் தள்ளிக்கொண்டு போவான். 'நீங்கள்' என்று சொன்னவரிடம் முடியாததை 'நீ' என்று சொன்னவன் சொல்லிவிட்டான். பரோக் என்றால் என்ன என்று ஒரு பக்கம் எழுதினீர்களே, அதை இந்த ஒரு ஒப்பீட்டில் முடித்துவிடலாம்.

எனக்கே விளங்காத ஒன்றும் இந்த வரியில் உண்டு. வகுப்பில் இதை 'கிரதாஸியோன்' என்பார்கள், கனத்திலிருந்து வெறுமைக்குப் படிப்படியாக இறங்குவது. அப்படியானால் புகைக்கு அப்புறம் ஏன் தூசி? புகைதானே லேசு?

இரண்டாம் வருடம்:

அக்கா சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நடைமுறைக்கு இரண்டு விஷயம்.

தாளைப் பார்க்க 'ரெவிஸியோன்' என்று ஒரு நாள் ஒதுக்குவார்கள், கட்டாயம் போங்கள். மார்க் கேட்டுச் சண்டை போடப் போகிறோம் என்று நினைத்து நான் முதல் வருடம் முழுக்கப் போகவே இல்லை. உண்மையில் பெரும்பாலும் 'இந்த இடத்தில் என்ன எதிர்பார்த்தீர்கள்?' என்று கேட்டுவிட்டு வருவதுதான். பாடத்தின் 'கியா தொஸெந்தே'யையும் (பாடத்திட்டக் கையேடு) ஒரு தடவை முழுதாகப் படியுங்கள், மதிப்பீட்டில் எதற்கு எத்தனை சதவீதம் என்று அதில் எழுதியிருக்கும்.

போகிறபோது 'உஸ்தெத்' போட்டுக் கைகட்டி நிற்க வேண்டாம். நான் அப்படித்தான் நின்றேன். மூன்றாவது 'உஸ்தெத்'திலேயே பேராசிரியை, "நீ என்றே சொல்லு, என்னைக் கிழவியாக்காதே" என்று சிரித்தார். இங்கே நிறையப் பேர் மாணவர்களோடு 'து'தான். எல்லோரும் இல்லை, அவர் எப்படித் தொடங்குகிறார் என்று பார்த்து அதே வழியில் போங்கள். அம்மா வயதுக்காரரை நீ என்று சொல்ல எனக்கு ஒரு மாதம் நாக்கு வரவில்லை. அந்த ஒரு மாதமும் முன்னிலையே வராத வாக்கியங்களாகப் பேசிச் சமாளித்தேன், இலக்கணப் பயிற்சியாகவும் ஆயிற்று.

இரண்டாவது, சொற்கள். வியோலா என்பது இங்கே வயலட் பூ. 'த்ரொங்காதா' தண்டு ஒடிந்தது. பொன்முடி வெள்ளியாகிறது, பூ ஒடிந்து வாடுகிறது. 'கொஹெல்யோ'வையும் அகராதியில் தேடியிருப்பீர்களே? கிடைத்திருக்காது. அது 'கொஹேர்லோ', அதைப் பறிக்க. அந்தக் காலத்தில் ர-வும் ல-வும் கூடி அப்படித் திரியும், கவிஞர்களுக்கு எதுகைக்கு வசதி. 'கபெல்யோ, பெல்யோ, குவெல்யோ' வரிசையில் 'கொஹேர்லோ' உட்காராது.

17-ஆம் நூற்றாண்டுக்கும் அதற்கு முந்திய பாட்டுக்கும் இன்றைய அகராதியை மட்டும் நம்பாதீர்கள். ஸ்பானிஷ் அகாதெமி 1726 முதல் 1739 வரை ஆறு தொகுதிகளாகப் போட்ட முதல் அகராதி அவர்கள் தளத்தில் இலவசமாக இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய எழுத்தாளர்களிடமிருந்தே எடுத்துக்காட்டு கொடுத்திருப்பார்கள், அதனால்தான் அதற்கு 'அவுத்தொரிதாதெஸ்' என்று பெயர். ஒரு சொல் அந்தக் காலத்தில் யாரெல்லாம் எப்படி எழுதினார்கள் என்று பார்க்க 'கோர்தே' தரவகம். அது 1974 வரைக்கும்தான், அதற்குப் பிந்தியதற்கு வேறு தரவகங்கள் இருக்கின்றன.

ஒலியன்:

நல்ல திரிதான், ஆனால் எல்லோரும் 1582-லேயே கூடாரம் போட்டுவிட்டீர்கள். ஸ்பானிஷ் படிப்பு என்றால் சொனெட் மட்டும்தானா? மொழியியல் பக்கமும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள் தம்பி, அங்கே நமக்குப் பிறவியிலேயே சில மார்க் கையில் இருக்கிறது.

'மே குஸ்தா' என்பதை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். நமக்கு 'எனக்குப் பிடிக்கும்', அப்படியே நாலாம் வேற்றுமை. 'து'வும் 'உஸ்தெத்'தும் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 'எஞ்ஞே' (ñ) எழுத்துக்கு ஞ இருக்கிறது. மேலே அக்கா கிண்டல் செய்த 'நாதா'வையே எடுங்கள். உயிருக்கு நடுவில் வருகிற அந்த மெல்லிய ஒலி, நாம் 'அது', 'எது' என்று சொல்லும்போது நாக்கு பல்லில் பட்டும் படாமலும் போகிறதே, அதுதான். வகுப்பில் மற்றவர்கள் அழுத்தமான ட போட்டுக்கொண்டிருக்கும்போது நாம் யோசிக்காமலே சரியாகச் சொல்லிவிடுகிறோம். நான் ஒலியியல் பாடத்தில் 9 வாங்கியது இந்தத் தைரியத்தில்தான். ஆனால் பெயர்ச்சொல்லுக்குப் பால் பிரிக்கிற விஷயத்தில் நம் பாடு திண்டாட்டம். மேசை பெண்ணாம், பாலம் ஆணாம். இன்றைக்கும் எனக்கு வாரம் ஒன்று தவறும்.

அப்புறம், ஸ்பானிஷ் ஸ்பெயினோடு முடிகிற மொழி இல்லை. அதிகம் பேர் பேசுவது மெக்ஸிகோவில். அர்ஜென்டினாவில் 'து' கிடையாது, 'வோஸ்'. கூபாவிலும் கனாரித் தீவுகளிலும் 'குவாகுவா' என்றால் பேருந்து, சீலேயில் கைக்குழந்தை, அது கெச்சுவாவிலிருந்து வந்தது. நான் ஸ்பானிஷ் கற்றது ஒரு கொலம்பியரிடம். அவருக்கு 'ப்லாத்தா' என்றால் பணம். இந்தச் சொனெட்டை முதல் முறை படித்தபோது கூந்தல் வெள்ளியாகிறது என்பதற்குப் பதிலாகக் காசாகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. வயோலாவுக்குத் துணை இருக்கிறது என்று சொல்ல வந்தேன்.

தூக்கம்தொலைத்தவன்:

எல்லோருக்கும் நன்றி. அக்காவுக்குத் தனியாக. நேற்று ரெவிஸியோனுக்குப் போனேன். பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. 'து'வா 'உஸ்தெத்'தா என்று பார்க்கவே வாய்ப்பில்லை, அவரே பேசிக்கொண்டிருந்தார். என் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டு, பாட்டை வாய்விட்டுப் படி என்றார். படித்தேன். கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை என்றார். கமாவுக்குக் கமா நிறுத்திப் படித்தேன். பிறகு நிறுத்தாமல் படி என்றார். அவ்வளவுதான், மார்க் பற்றிப் பேச்சே வரவில்லை. படியிறங்கும்போதுதான் அக்கா சொன்ன 11 எனக்குக் காதில் விழுந்தது.

ஒரு பத்தி திருப்பி எழுதியிருக்கிறேன். தமிழில் போடுகிறேன், திட்டுங்கள்:

"பதினான்கு வரியும் ஒரே வாக்கியம். முதல் எட்டு வரிகள் நான்கு 'வரையில்'களாக நின்று, தலைமை வினையை ஒன்பதாம் வரிக்குத் தள்ளுகின்றன. 'அனுபவி' என்ற கட்டளை வரும்போது வாசகரிடம் மீதி இருப்பது ஆறு வரிகள். அவற்றிலும் ஐந்து வரிகள் 'முன்பாக' என்ற சொல்லின் கீழ் அழிவுக்குப் போகின்றன. அனுபவிக்கக் கிடைத்த இடம் ஒரே ஒரு வரி. கவிஞர் இளமை குறுகியது என்று எங்கும் சொல்லவில்லை, அதற்குக் கொடுத்த இடத்தின் அளவால் காட்டுகிறார். இது பரோக் காலத்தின் ஏமாற்றவுணர்வை மிகச் சிறப்பாக வெளிப்படுத்துகிறது."

பழைய நூலகவாசி:

அந்த ஐந்துக்கு ஒன்று கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. நான் எட்டு வரியின் காத்திருப்பிலேயே நின்றுவிட்டேன். திருடிக்கொள்கிறேன்.

கடைசி வாக்கியத்தை வெட்டுங்கள். 'மிகச் சிறப்பாக வெளிப்படுத்துகிறது' என்ற இடத்தில் அவர் கை தானாகவே '¿இ?' போட்டுவிடும். பரோக்கைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் கார்ஸிலாஸோவைக் கூப்பிடுங்கள். அவர் எங்கே நிறுத்துகிறார், இவன் எங்கே போகிறான், இரண்டே வரி.

இரண்டாம் வருடம்:

அக்கா, உங்கள் புகை-தூசிக் கேள்வி ராத்திரி முழுக்கக் குடைந்தது. கனத்தை வைத்துப் பார்த்தால் வரிசை இடிக்கிறதுதான். ஆனால் சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசும்போது பாதிரியார் சொல்வது ஆதியாகமத்தில் வருகிற வாக்கியம், நீ தூசி, தூசிக்கே திரும்புவாய் என்று. அந்தக் காலத்தில் அது லத்தீனில். வருடத்துக்கு ஒரு தடவை ஊர் முழுக்கக் கேட்ட வாக்கியம். அப்படியானால் 'போல்வோ' எடைக்காக வந்த சொல்லாக இருக்காது, காதில் ஏற்கனவே இருந்த சொல். பாதிரியார் தூசியோடு முடித்துக்கொள்வார். இவன் அதற்கு மேலும் இரண்டு படி இறங்குகிறான், நிழல், அப்புறம் ஒன்றுமில்லை. திரும்பிப் போக ஓர் இடம்கூட மிச்சம் வைக்கவில்லை.

பழைய நூலகவாசி:

அந்தப் புதனன்று சாம்பல் பூசுகிற இடமும் நெற்றிதான். ஒன்பதாவது வரியில் வரிசை கலைந்து கடைசிக்குப் போன உறுப்பு எது என்று பாருங்கள். தற்செயலாகவும் இருக்கலாம், அங்கே எதுகைக்கும் அந்தச் சொல்தான் வேண்டியிருக்கிறது. தம்பி, இதை மே மாதத் தாளில் எழுதாதீர்கள், எனக்கே இன்னும் நிச்சயமில்லை. ரெவிஸியோனில் கேட்டுப் பாருங்கள், அவர் என்ன சொன்னார் என்று இங்கே வந்து போடுங்கள்.